கடல் தூசியும் பிரிக்பீல்ட்ஸ் உப்பும்

ஓய்வு பெற்றவனைத் தேடி ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் ஏதோ சாவி தொலைந்துவிட்டது என்று அர்த்தம். போன வாரம் ஞானம் வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவன் அவன். வந்தவன் ஒரு பெரிய படத்தைத் தரையில் விரித்து, அது சுருண்டுகொள்ளாமலிருக்க மூன்று மூலையில் என் காப்பித் தம்ளரையும் வெற்றிலைப் பெட்டியையும் கண்ணாடிக் கூட்டையும் வைத்துவிட்டு, நாலாவது மூலையில் தானே உட்கார்ந்தான்.

“அண்ணே, இனிமே பள்ளிக்கூடத்துக்குக் கடல் தண்ணி தூக்கிட்டுப் போக வேணாம். படம் வந்திருச்சு. வாத்தியார் சொவத்துல மாட்டிப் பத்து நிமிஷத்துல பாடத்த முடிச்சிருவாரு” என்றான்.

படத்தில் நான் முப்பது வருஷம் பழகிய ஜீவன்களெல்லாம் வண்ண வண்ணமாக இருந்தன. ஒன்றுக்குச் சிரித்த முகம் வேறு வரைந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து அது ஒருநாளும் சிரித்ததில்லை. இந்தப் பாடம் அந்தக் காலத்தில் எப்படி நடந்தது என்று சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி ஞானம் கேட்டான். எழுதுகிறேன். ஆபீஸின் பெயரையும் துரைகளின் பெயரையும் கேட்காதீர்கள், நான் இன்னும் பென்ஷன் வாங்குகிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை இரண்டு வரிதான். கிள்ளான் துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு நம்பர் போடுகிறவனாகச் சேர்ந்தேன். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவேன் என்று தெரிந்ததும் வாளி துரைக்கு உதவியாளாகத் தள்ளிவிட்டார்கள்.

வாளி துரை என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். ஒல்லியான மனிதர். வாளி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. காலையில் ஆபீஸுக்கு வந்ததும் முதலில் ஜாடிகளுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வார், அப்புறம்தான் எங்களுக்கு. ஜாடி பக்கத்தில் நின்று யாரும் உரக்கச் சிரிக்கக்கூடாது. தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசை. ஆனால் கிடைத்தது தோட்டத்துத் துரைமார்கள் கூலிகளிடம் பேசுவதற்காக அச்சடித்த புத்தகம். அதனால் அவருடைய தமிழ் முழுக்க ரப்பர் தோட்டத்துத் தமிழ். பிள்ளைகளை உட்காரச் சொல்ல வேண்டுமானால் “நிரையில் நில்லு” என்பார். பாடம் முடிந்தால் “வேலை முடிஞ்சது, வீட்டுக்குப் போ.” எது குறைவாக இருந்தாலும், அது தண்ணீரானாலும் தேநீரானாலும், “பால் கொறைச்சல்” என்பார். மரத்திலிருந்து பால் குறைவாகக் கொண்டுவருகிற ஆளிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் அது.

கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடி உயிர்கள் இருக்கின்றன. எதிர்நீச்சல் போடத் தெம்பில்லாமல் தண்ணீர் போகிற பக்கம் போகும். பாதி செடி வகை, பாதி பூச்சி வகை. இங்கிலீஷில் பிளாங்டன். தமிழில் என்ன சொல்வதென்று எனக்கு அப்போது தெரியாததால் கடல் தூசி என்றேன். இதைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியே தீர வேண்டும் என்பது துரையின் பிடிவாதம். மீன் தின்கிற ஜனங்களுக்கு அந்த மீன் எதைத் தின்கிறது என்று தெரியாமலிருப்பது அவருக்குத் தூக்கம் வராத விஷயம். அதற்கென்றே என்னைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அப்போது என்ன பொருள் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ரப்பர் விலை விழுந்து, வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. என் மனைவிக்கு அப்போது எட்டு மாதம்.

வேலை இப்படி. விடியும்போது சம்பான் படகில் ஏறி ஆற்று முகத்துக்குப் போக வேண்டும். வலை என்றால் மீன் வலை இல்லை. மாவு சலிக்கிற மெல்லிய பட்டுத் துணியை நீளப் புனல் மாதிரி தைத்து, அடியில் ஒரு சின்ன பாட்டிலைக் கட்டியிருப்போம். அதைத் தண்ணீரில் விட்டு மெதுவாகத் துடுப்புப் போட வேண்டும். வேகமாகப் போனால் எல்லாம் நசுங்கிவிடும். பாட்டிலில் சேர்வது பார்க்கக் கலங்கின கஞ்சித் தண்ணீர்தான். அதை அகலமான ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, ஈரக் கோணியைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலேற வேண்டும். மூடி போட்டு இறுக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும், வெயில் பட்டாலும் செத்துவிடும். பத்து மணிக்குள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் உயிரோடு சேர்க்க வேண்டும். பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது இதைவிடச் சுலபம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

முதல் தடவையே வில்லங்கம். ரயிலில் கார்டு வந்து ஜாடியைப் பார்த்தார். நம்ம ஆள்தான், சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

“உள்ள என்ன?”

பொய் சொல்லக்கூடாது என்று துரையின் உத்தரவு. “உயிருங்க அண்ணே.”

“எத்தன உருப்படி?”

“ஒரு லட்சம் இருக்கும்.”

அவர் ஜாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஜீவன் உள்ளது ஆளுங்க பெட்டியில வரக்கூடாது தம்பி. கோழி ஒண்ணே ஒண்ணுன்னாலும் பின்னால வண்டிதான். நீ லட்சங்கற.”

அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை. நானும் கடல் தூசியும் பின் வண்டிக்குப் போனோம். அங்கே கோலாலம்பூர் பாசாருக்குப் போகிற ஆடுகள் ஏழெட்டு நின்றன. ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர். கயிற்றுக் கட்டிலில் படுத்தவன் மாதிரி நான் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது ஒரு கிடா துணியை விலக்கி ஜாடிக்குள் வாயை வைத்திருந்தது. பாதி ஜாடி காலி.

நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் காத்திருந்த துரையிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “பால் கொறைச்சல்” என்றார். அப்புறம் இங்கிலீஷில், “பரவாயில்லை மாரிமுத்து, தின்பதும் தின்னப்படுவதும்தான் இன்றைய பாடம்” என்றார். அந்த மனிதரை வெறுக்க முடியாமல் போனது அன்றிலிருந்துதான்.

பள்ளிக்கூடத்தின் பெரிய வாத்தியார் சுத்த சைவம். தலைப்பாகை, கோட்டு, நெற்றி நிறைய விபூதி. மீன் என்ற வார்த்தையைக்கூடக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் சொல்வார். இந்தப் பாடத்துக்கு அவர் சம்மதிப்பாரா என்று எனக்குப் பயம். முதலில் அவரைத்தான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னோம். குனிந்து வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“வேல் தெரியுது தம்பி. வரிசையா, கறுப்பு கறுப்பா” என்றார்.

அவர் பார்த்தது அவருடைய இமை மயிரை. புதிதாகப் பார்க்கிற எல்லோருக்கும் நேர்கிறதுதான். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் கும்பிட்டுவிட்டார். பாடத்துக்கு அனுமதி கிடைத்தது.

பிள்ளைகள் நாற்பது பேர். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு “ஆமாண்ணே, ஓடுது, ஓடுது” என்றவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் நிஜமாகவே பார்த்தார்கள். அரிசி நொய் அளவில் இரண்டு மீசையை வைத்துக்கொண்டு தத்தித் தத்திப் போகிற ஒன்று, கண்ணாடிப் பெட்டி போல ஒன்று, முதுகில் கொம்பு முளைத்த நண்டுக் குஞ்சு. கண்ணுக்குத் தெரியாத செடித் தூசியைப் பூச்சித் தூசி தின்னும், அதைக் கூனி இறால் தின்னும், கூனியை நெத்திலி, நெத்திலியைக் கானாங்கெளுத்தி, அதைச் சுறா என்று நான் சொல்லிக்கொண்டே போவேன். கூனியைத்தான் இடித்துப் பெலாச்சான் விழுது பண்ணுகிறார்கள் என்றதும் பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிடும்.

பாக்கியம் என்று ஒரு பெண். ஒன்பது வயது. அவள் அப்பா ரயில் பாதையில் கட்டைக்கு அடியில் கல் இடித்துக் கெட்டிப்படுத்துகிற கூலி. மைக்ராஸ்கோப்பை விட்டு அவளை இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அவள் கேட்ட ஒரு கேள்வியில்தான் பிரிக்பீல்ட்ஸ் இரண்டாகிவிட்டது.

அது தைப்பூசத்துக்கு முந்திய விரத காலம். பத்துமலைக்குக் காவடி எடுக்கிறவர்கள், பால்குடம் எடுக்கிறவர்கள் என்று லைன் வீடு லைன் வீடாகச் சைவம். வாரம் முழுக்கக் கருவாட்டு வாசனை இல்லாமல் அந்த இடம் வேறு ஊர் மாதிரி இருந்தது. பாக்கியத்தின் அப்பாவும் காவடிக்கு நேர்ந்திருந்தார்.

“அண்ணே, உப்பு கடல் தண்ணியில இருந்துதானே வருது?”

“ஆமா.”

“அப்ப உப்புல இதுங்க இருக்குமா?”

நான் யோசிக்காமல் துரையைக் கேட்டேன். துரைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாற்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளை தானாக யோசித்துவிட்டது அல்லவா? “இருக்கும்! செத்துக் காய்ந்து கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்” என்றார். நானும் வரி தவறாமல் மொழிபெயர்த்தேன். விரதத்தை நான் மறந்தே போனேன்.

அன்று மாலை நாற்பது வீட்டில் பிள்ளைகள் சாம்பாரைத் தொடவில்லை. உப்பில் கவுச்சி இருக்கிறது, துரையே சொன்னார், அரசாங்கத்துக் கண்ணாடியில் பார்த்தோம் என்று ஒரே பாட்டு. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் பெற்றவர்கள் கூடிவிட்டார்கள். விரதம் கெட்டால் என்ன ஆகும் என்று அந்த ஜனங்களுக்குத் தெரியும். குறையுள்ள விரதத்தோடு அலகு குத்தினால் ரத்தம் வரும், மலைப்படியில் கால் நடுங்கும். இது அவர்களுக்கு விளையாட்டு இல்லை. பாக்கியத்தின் அப்பா ஒரு மூலையில் நின்றார். கோபப்படவில்லை. “எட்டு நாளா உப்பு போட்டுத்தான் சாப்பிட்டேன் தம்பி. இப்ப நான் எடுக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க” என்று என்னைக் கேட்டார்.

பெரிய வாத்தியார் நிலைமை இன்னும் மோசம். பிறந்ததிலிருந்து உப்புப் போட்டுச் சாப்பிட்டவர். கணக்குப் பார்த்தால் எத்தனை லட்சம் கொலை? உப்பை விட்டுவிட்டார். மூன்றாம் நாள் உப்பில்லாத கஞ்சி குடித்த முகத்தோடு வந்து, வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன பையனை அடிக்கக் கையோங்கி, பலமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

துரை ஒரு வழி கண்டுபிடித்தார். உப்புக் கல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்து வாத்தியாரைக் கூப்பிட்டார். இந்த முறை இமையை விலக்கிப் பார்க்க நானே சொல்லிக்கொடுத்தேன். சதுரம் சதுரமாகப் பளபளவென்று இருந்தது.

“எதுவும் அசையலயே, பாருங்க ஐயா” என்றேன்.

வாத்தியார் நிமிர்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தம்பி, அசைஞ்சா உயிரு. அசையலன்னாத்தானே மாமிசம்?”

துரைக்கு அதை மொழிபெயர்த்தேன். இரண்டு நாள் யோசித்தார்.

கடைசியில் வழி காட்டியது பாக்கியத்தின் அம்மா. நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு விற்கிறதே, அது மலையில் வெட்டி எடுப்பது, கடலில் வந்ததில்லையே என்றார். அன்று மத்தியானத்துக்குள் பிரிக்பீல்ட்ஸில் இந்துப்பு ஒரு துண்டு மிச்சமில்லை. வயிற்று வலிக்கு வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வாத்தியார் ஒரு கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு துரையிடம் வந்து, இதிலாவது சந்தேகமில்லையே என்று உறுதி கேட்டார். பின்னால் வாசல் நிறைய ஜனம், பாக்கியத்தின் அப்பாவும் நின்றார்.

துரை கட்டியை வாங்கி மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “மாரிமுத்து, இவர்களிடம் சொல்லு. அந்த மலைகளெல்லாம் ஒரு காலத்தில் கடல்! இந்த உப்பும் கடல் உப்புதான், மிகப் பழையது, அவ்வளவே. எவ்வளவு அற்புதம்!”

நான் ஜனங்களைப் பார்த்தேன். “இந்துப்பு சுத்தமானது, துரையே சொல்லிட்டாரு. எட்டு நாள் தெரியாம சாப்பிட்டதுக்கு தோஷம் கெடையாது” என்றேன்.

கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. துரைக்கு ஒரே பெருமை. ஒரு பூகோள உண்மையை இத்தனை பேர் இவ்வளவு மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டு அவர் பார்த்ததில்லை. பாக்கியத்தின் அப்பா அந்த வருஷம் காவடி எடுத்தார், ஒரு சொட்டு ரத்தமில்லை என்று ஊரே பேசியது. அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

வருந்துவது அடுத்ததற்கு.

உப்புக் கலவரம் வாளி துரைக்கும் மேலே இருந்த பெரிய துரையின் காதுக்குப் போய்விட்டது. இந்தப் பாடத்தால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று அவரே நேரில் வந்து பார்க்கப் போவதாகக் கடிதம் வந்தது. உண்டென்றால் பாடம் தொடரும், என் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் வாளி துரைக்கு வேறு ஊர், எனக்குக் கப்பல். என் மனைவியிடம் இதை நான் சொல்லவில்லை. அவள் எப்படியோ தெரிந்துகொண்டு, வரப்போகிற பிள்ளைக்குத் தைத்த சட்டைகளைத் துணி மூட்டையில் கட்டி வைத்துவிட்டாள்.

பெரிய துரை வந்தார். கனத்த மனிதர், வெயிலில் முகம் சிவந்திருந்தது. ரயிலில் தனிப் பெட்டியில் வந்திறங்கினார். மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்க்க அவர் வயிறு இடம் கொடுக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. நேராகப் பிள்ளைகளிடம் கேள்விக்குப் போனார். “கடலில் மிக முக்கியமானது எது? ஏன்?”

நான் தமிழில் சொன்னேன். உப்பு விவகாரத்துக்குப் பிறகு வாயைத் திறக்கக்கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரிய துரை கடிகாரத்தைப் பார்த்தார். வாளி துரை வாளியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது பாக்கியம் எழுந்தாள்.

“சுறாவுக்குக் கீழ கானாங்கெளுத்தி, அதுக்குக் கீழ நெத்திலி, அதுக்குக் கீழ கூனி, எல்லாத்துக்கும் அடியில கடல் தூசி. அது யாரு கண்ணுக்கும் தெரியாது. ஆனா அது இல்லன்னா சுறாவும் செத்துப் போயிரும். இங்கயும் அப்படித்தான். பெரிய துரைக்குக் கீழ சின்ன துரை, அவருக்குக் கீழ கிராணி, கிராணிக்குக் கீழ கங்காணி, கங்காணிக்கும் கீழ எங்கப்பா. எங்கப்பா கட்டைக்குக் கல்லு போடலன்னா பெரிய துரை வந்த ரயிலு வராது. ஆனா பெரிய துரை எங்கப்பாவப் பாத்ததே இல்ல. அவரையும் அந்தக் கண்ணாடியில வெச்சாத்தான் தெரிவாரா?”

முப்பது வருஷத்தில் இந்தப் பாடத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. வாத்தியார் தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டார். பெரிய துரை என் பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்கிறாள்?”

எனக்குத் துணி மூட்டைதான் கண்ணில் தெரிந்தது.

“பிளாங்டன் மிகவும் உபயோகமானது என்கிறாள், துரை.”

“இவ்வளவு நேரம் பேசினாளே. இவ்வளவுதானா?”

“தமிழ் நீளமான பாஷை, துரை.”

அவர் சிரித்தார். பாக்கியத்தின் தலையில் தட்டிக்கொடுத்து, திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறினார். அந்தக் கையெழுத்தில்தான் என் வேலை நிரந்தரமாயிற்று. இன்று வாங்குகிற பென்ஷனும் அதில் வந்ததுதான்.

பாக்கியம் என் சட்டையைப் பிடித்தாள். “நான் சொன்னது எல்லாத்தையும் சொன்னீங்களாண்ணே?”

“சொன்னேம்மா.”

அவள் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தாள். நான் ஜாடியைத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். வாளி துரை பக்கத்தில் வந்து நின்றார். சுறா, நெத்திலி என்ற தமிழ் வார்த்தைகள் அவருக்குத் தெரியாது. துரை, கணக்கெழுதுகிற கிராணி, கங்காணி தெரியும், அவருடைய புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கும் வார்த்தைகள். என் வேலை எனக்கு ஏன் தேவை என்றும் அவருக்குத் தெரியும். என்னைத் திட்டவில்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

“மாரிமுத்து. இன்னிக்குப் பால் கொறைச்சல்.”

அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் திறந்து நான் ஜாடியோடு போனபோது பாக்கியத்தின் இடத்தில் வேறு பிள்ளை இருந்தது. அவள் அப்பாவின் கூட்டத்தில் ஆள் குறைத்துவிட்டார்கள், குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார்கள் என்று வாத்தியார் சொன்னார். அன்று நான் முழுசாக மொழிபெயர்த்திருந்தாலும் அவர்கள் போயிருப்பார்கள், கூடவே நானும் போயிருப்பேன். இந்த நியாயத்தை எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் அது எனக்குப் போதவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞானம், மலரில் இடம் போதாவிட்டால் ஆட்டை வெட்டு, உப்பை வெட்டு, என் பெயரைக்கூட வெட்டிக்கொள். பாக்கியம் சொன்னதில் ஒரு வார்த்தையை எடுக்காதே. மலரின் இங்கிலீஷ் பகுதிக்கும் அதை நானே மொழிபெயர்த்துத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். இந்தத் தடவை பால் கொறைச்சல் இல்லை.